நூறு வருஷ மெத்தை வீட்டுக்குச் சுண்ணாம்பு வேலை: பாண்டியில் நாங்கள் வைத்த கொத்தனார் குழு எப்படி?

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். யார் செய்தது, எவ்வளவு ஆச்சு, உள்ளே வெக்கை குறைந்திருக்கிறதா? ஒவ்வொருவருக்கும் வாசலில் நின்று சொல்லிச் சொல்லி ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். வேலை முடிந்ததும் சந்தோஷத்தில் எழுதியிருந்தால் அது சரியான விமர்சனமாக இருந்திருக்காது. ஒரு மே மாதமும் ஒரு புயலும் தாண்டட்டும் என்று காத்திருந்தேன். இரண்டும் தாண்டிவிட்டன.

முடிவை முதலிலேயே சொல்கிறேன். பழைய சுண்ணாம்புக் கட்டு வீடு வைத்திருக்கிறவர்கள் இந்தக் குழுவைத் தாராளமாகக் கூப்பிடலாம். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அந்த அரை ஏன் குறைந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

இவர்களுக்குக் கம்பெனிப் பெயர், போர்டு, விசிட்டிங் கார்டு எதுவும் கிடையாது. அறுபது வயதைத் தாண்டிய ஒரு மேஸ்திரி, அவருடைய தம்பி, நான்கு கொத்தனார்கள், தளம் அடிக்கிற நாட்களில் மட்டும் வருகிற எட்டுப் பெண்கள், அவ்வளவுதான் குழு. ஒரு வீட்டில் வேலை நடக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக் கூப்பிட்டுக்கொள்வார், அப்படியே போய்க்கொண்டிருக்கிறது அவர்கள் பிழைப்பு. எங்களுக்கும் அப்படித்தான், பெருமாள் கோயில் பக்கம் ஒரு உறவினர் வீட்டில் பார்த்துத்தான் பிடித்தோம். அவர்கள் கைப்பேசி எண்ணைப் பொதுவில் போட எனக்கு உரிமை இல்லை. கேட்கிறவர்களுக்குத் தனியாகத் தருகிறேன்.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புதுச்சேரியின் தமிழர் பகுதி, அதாவது வாய்க்காலுக்கு மேற்கே இருக்கிற பக்கம். தாத்தாவின் அப்பா கட்டியது. கீழே தெருவைப் பார்த்த தாழ்வாரம், திண்ணை, நடை, முற்றம், முற்றத்தைச் சுற்றிக் கூடம், பின்னால் கொல்லை. மாடி மட்டும் பிரெஞ்சுக்காரர்கள் பாணியில் வளைவு ஜன்னலும் மரச் சட்டம் அடுக்கிய கதவுமாக இருக்கும். பாண்டித் தெருக்களில் நடந்தவர்களுக்கு இந்தக் கலவை புதிதில்லை. சுவர் ஒன்றரை அடி கனம். மாடிக்குக் கூரை மெட்ராஸ் டெரஸ்.

மெட்ராஸ் டெரஸ் என்றால் என்ன என்று இப்போது சிவில் படித்த பிள்ளைகளுக்கே விளக்க வேண்டியிருக்கிறது. தேக்கு உத்திரங்களை ஒன்றரை அடி இடைவெளியில் வரிசையாகப் போட்டு, அதன் மேல் ஆறு அங்குல நீளம், மூன்று அங்குல அகலம், ஒரே ஒரு அங்குல கனமுள்ள சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் சாய்வாகச் சுண்ணாம்புச் சாந்தில் வரிசை வரிசையாகப் பதிப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம், அதை மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட ஓடு, பதித்து முடிப்பார்கள். கம்பி கிடையாது, சிமெண்ட் கிடையாது. நூறு வருஷம் நின்றது.

நின்றதை நாங்கள்தான் கெடுத்தோம். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்தபோது மாடியில் இரண்டு இடத்தில் ஒழுகியது. அதை வைத்து ஒரு ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டோம். பெயர் வேண்டாம், அவரும் தெரிந்ததைத்தான் செய்தார். மொட்டை மாடி முழுக்க ரசாயன வாட்டர்ப்ரூஃப் கோட்டிங், கீழே சுவரில் ஓதம் தெரிகிற இடமெல்லாம் பழைய சுண்ணாம்புக் காறையை உரித்துவிட்டு நாலடி உயரத்துக்கு சிமெண்ட் பூச்சு, உள்ளே எல்லாம் பளபளவென்று பிளாஸ்டிக் பெயிண்ட். முதல் பொங்கலுக்கு வீடு புதுசு போல இருந்தது. மூன்றாவது பொங்கலுக்கு சிமெண்ட் முடிகிற கோட்டுக்கு மேலே உப்புப் பூத்தது, பெயிண்ட் அப்பளம் போலக் கொப்பளித்து, நகத்தால் தொட்டால் உள்ளிருந்து வெள்ளை மாவாகக் கொட்டியது. மாடி அறையில் ஒழுகல் நின்றது உண்மை. ஆனால் முன்பெல்லாம் இல்லாத ஒரு பூஞ்சை வாடை வந்தது, எங்கிருந்து என்று தெரியவில்லை. வெக்கையும் கூடியது. மாடிக்கு ஒரு ஏசி, அப்பா படுக்கிற அறைக்கு ஒரு ஏசி என்று போட்டோம். ஏசிக்காக மர ஜன்னல் இரண்டைக் கழற்றிவிட்டு நகர்த்துகிற கண்ணாடி ஜன்னல் வைத்தோம், அது திறந்தாலும் பாதிதான் திறக்கும், கடல் காற்று போன இடம் தெரியவில்லை.

வீட்டை இடித்துவிட்டு நான்கு ஃப்ளாட் போடலாம் என்று கேட்டு வந்தவர்கள் பலர். அக்காவுக்கும் அந்த யோசனை இருந்தது, அவளைக் குறை சொல்ல மாட்டேன், வருஷா வருஷம் பூச்சு வேலைக்குப் பணம் போட்டவள் அவள்தான். எங்கள் தெருவில் நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் இந்த மாதிரி வீடு பதினான்கு இருந்தது, இப்போது ஐந்து. ஊருக்கே அடையாளமாக இருந்த மேரி கட்டடம், பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடம், கடற்கரைச் சாலையில் சுமார் நூற்று நாற்பது வருஷம் நின்றது, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அந்த இடிபாட்டை அப்பாவும் நானும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புகிற வழியில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் நேராக மாடிக்குப் போய் உத்திரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

மேஸ்திரி முதல் நாள் வந்து அரை நாள் முழுக்க வீட்டைச் சுற்றினார். கையில் பூச்சுக் கரணை மட்டும். அதன் பிடியால் சுவரை அடிக்கு ஒருதரம் தட்டிக் காதைக் கிட்ட வைத்துக் கேட்டார். ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கி சிமெண்ட் பூச்சின் மேல் கொஞ்சம் விசிறினார், பக்கத்தில் மிச்சமிருந்த பழைய காறையின் மேல் கொஞ்சம் விசிறினார். சிமெண்ட்டும் பெயிண்டும் இருந்த இடத்தில் தண்ணீர் கோடு கோடாக வழிந்து தரைக்கு வந்தது. காறையில் நாங்கள் பார்க்கப் பார்க்க உள்ளே போய்விட்டது, கால் மணி நேரத்தில் அந்த ஈரமும் காய்ந்துவிட்டது. "இப்ப புரியுதா தம்பி? கீழேருந்து ஏறுற ஈரம் இந்தக் காறை வழியா வெளிய போய்க்கிட்டு இருந்துச்சு. நாலடிக்கு சிமெண்ட் அடிச்சா ஓதம் அஞ்சடிக்கு ஏறும், ஆறடிக்கு அடிச்சா ஏழடிக்கு ஏறும், அதுக்குப் போறதுக்கு வழி வேணும்ல" என்றார். அந்த ஒரு சொம்புத் தண்ணீரில் எனக்கு வீட்டின் கோளாறு முழுக்க விளங்கிவிட்டது.

இதில்தான் வெக்கை விஷயமும் இருக்கிறது. பழைய வீடுகளில் அடித்தளத்துக்கும் சுவருக்கும் நடுவே ஈரம் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் கிடையாது, நிலத்து ஈரம் செங்கல் வழியே கொஞ்சம் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தைக் காற்றில் விட்டுவிடும், ஆவியாகும்போது சுவரின் சூட்டையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும், மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கணக்கு. சிமெண்ட்டால் மூடிவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கும், செங்கல்லை உப்பு அரிக்கும், சுவர் குளிர்வதும் நின்றுபோகும்.

சிமெண்ட்டை உரிக்க ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாள் வீட்டில் மனிதர் இருக்க முடியாது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தூசி கூடத்து ஊஞ்சல் பலகையிலிருந்து பரண் மேல் இருந்த கொலு பொம்மை வரை படிந்தது. மின்சாரச் சுத்தி வைத்து ஒரே நாளில் உடைக்கலாமே என்று கேட்டேன், மறுத்துவிட்டார்கள். உளியும் சுத்தியும்தான். அப்படியும் சில இடங்களில் சிமெண்ட் வரும்போது செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வந்தது, அந்தச் செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு வேறு பழைய செங்கல் வைத்தார்கள்.

மாடியில் கோட்டிங்கை எடுத்தபோதுதான் பூஞ்சை வாடையின் காரணம் தெரிந்தது. தளத்துக்குள் இருந்த ஈரம் மேலே போக வழியில்லாமல் கீழே உத்திரத்துக்கு இறங்கியிருக்கிறது. பதினொரு உத்திரத்தில் இரண்டு, சுவருக்குள் நுழைகிற முனையில் உளுத்துப் போயிருந்தது. விரலை வைத்து அழுத்தினேன், ஊறிய பிஸ்கெட் மாதிரி உள்ளே போனது. தேக்கு. இன்னும் நான்கைந்து மழை போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அந்த இரண்டையும் முழுசாக மாற்றாமல், கெட்ட முனையை மட்டும் அறுத்துவிட்டு, இடித்த வீட்டுச் சாமான் விற்கிற கடையில் பழைய தேக்கு வாங்கி வந்து சாய்வாகச் செதுக்கி இணைத்துப் போல்ட் போட்டார் தச்சர். முனைக்கும் சுவருக்கும் நடுவே காற்று போக விரல் கனத்துக்கு இடமும் விட்டார்கள்.

சுண்ணாம்பு வேலையை நான் கிட்ட இருந்து பார்த்தேன், ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டே பார்த்தேன். கொல்லையில் ஒரு தொட்டி கட்டி, சுட்ட கிளிஞ்சலைக் கொட்டித் தண்ணீர் விட்டார்கள். இரண்டு நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு உள்ளிருந்து முனகல் மாதிரி ஒரு சத்தம், அப்புறம் உலை கொதிக்கிற மாதிரி கொதித்துப் பொங்க ஆரம்பித்துவிட்டது, அடுப்பும் இல்லாமல் நெருப்பும் இல்லாமல். தெருப் பிள்ளைகள் எல்லாம் திரண்டு நின்றார்கள், மேஸ்திரி யாரையும் ஆறடிக்குள் விடவில்லை, கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும் என்றார். கொதித்து அடங்கியதை வடிகட்டி நாற்பது நாள் தண்ணீருக்கடியில் ஊறவிட்டார்கள். இன்னொரு பீப்பாயில் கடுக்காயை இடித்து வெல்லத்தோடு ஊறப்போட்டார்கள், பத்து நாளில் புளித்த வாடை தெருமுனை வரைக்கும் போனது. அந்தத் தண்ணீரை ஊற்றித்தான் சாந்து அரைத்தார்கள். ஊறிய சுண்ணாம்பு கடைசியில் எப்படி இருந்தது தெரியுமா, கெட்டித் தயிர் போல, கரணையில் எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழவில்லை.

நாற்பது நாள் காத்திருக்கிற நேரத்தில்தான் எதிர்வீட்டுப் பெரியம்மா வந்து, "தொட்டி கட்டியாச்சு, எங்க வீட்டுக்கும் சேர்த்து ஊறப் போடேன்" என்றார். அவரைப் பார்த்து அடுத்த தெரு முனை வீட்டிலும் கேட்டார்கள். மூன்று வீட்டுக்கும் ஒரே லாரியில் கிளிஞ்சல், ஒரே தொட்டி, ஒரே அரவை. வண்டி வாடகையும் தொட்டிச் செலவும் மூன்றாகப் பிரிந்தது, எனக்கு அது பெரிய உதவி. நீங்கள் செய்வதாக இருந்தால் தயவுசெய்து தெருவில் இன்னும் ஒன்றிரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாண்டியில் இதற்கு முன்மாதிரியும் இருக்கிறது. வைசியாள் வீதியில் 2002 முதல் 2004 வரை, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற இன்டாக் அமைப்பும் அரசும் சேர்ந்து, ஐரோப்பிய நிதியில், இத்தாலியின் உர்பினோ நகரமும் பிரான்சின் வில்நெவ் சூர் லோ நகரமும் கைகோத்து, வீடுகளின் முகப்பு, திண்ணை, தாழ்வாரம் எல்லாவற்றையும் வரிசையாகச் சீராக்கினார்கள், 2008ல் அதற்கு யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. ஒரு வீட்டை மட்டும் சீராக்கினால் அது கண்காட்சிப் பொருள் போல நிற்கும். நான்கு வீட்டுத் தாழ்வாரம் ஒட்டி நின்றால் தெருவில் நடக்கிறவனுக்கே நிழல், எதிரும் புதிருமாக சுவர்கள் ஒன்றுக்கொன்று வெயிலை மறைக்கும்.

மாடித் தளம் அடித்த ஆறு நாள் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இரண்டரைப் பங்கு செங்கல் ஜல்லிக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு. பரப்பி முடித்ததும் எட்டுப் பெண்களும் இரண்டு வரிசையாகக் குந்தி உட்கார்ந்து மரக்கட்டையால் ஒரே தாளத்தில் அடித்தார்கள், கடுக்காய்த் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து. முதல் நாள் அடி விழும்போது தொம் தொம் என்று மந்தமான சத்தம். ஆறாம் நாள் அதே கட்டை, அதே அடி, ஆனால் டண் டண் என்று கல்லில் அடிப்பது போல எழுந்தது. கட்டை துள்ளித் திரும்ப வேண்டும், அதுதான் அவர்களுக்கு அடையாளம், கருவி எதுவும் கிடையாது. அதில் மூத்த அக்கா ஒருவர், நாற்பது வருஷமாகத் தளம் அடிக்கிறவர், தன்னோடு வந்த மருமகளுக்குச் சத்தத்தை வைத்தே இந்த இடம் போதாது, அந்த இடம் போதும் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கூலியில் அந்த அக்காவுக்கும் கொத்தனாருக்கும் பெரிய வித்தியாசம் இருந்தது. எனக்கு அது சரியாகப் படவில்லை, மேஸ்திரியிடம் சொன்னேன், கடைசி இரண்டு வாரம் நானே கூடப் போட்டுக் கொடுத்தேன். அடுத்து இவர்களைக் கூப்பிடுகிறவர்களும் முதலிலேயே இதைப் பேசிவிட்டால் நல்லது.

மேலே தட்டோடு, அதன் மேல் மூன்று கை வெள்ளைச் சுண்ணாம்பு. ஜன்னலுக்குப் பழையபடி மரச் சட்டக் கதவு, பரணில் போட்டு வைத்திருந்ததையே சீராக்கினோம். உள்சுவர் முழுக்க மூன்று பூச்சு, கூடத்துத் தூண்களுக்கு மட்டும் முட்டை வெள்ளைக்கருவும் மாக்கல் தூளும் சேர்த்துக் கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். கையை வைத்தால் இப்போதும் வழுவழுவென்று சில்லென்றிருக்கிறது. எல்லாச் சுவருக்கும் அந்த மெருகு வேண்டும் என்று ஆசைதான், கூலி கட்டுப்படியாகவில்லை.

குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை நேரம். மூன்று மாதம் என்று சொன்னது ஐந்தரை மாதம் ஆனது, 2024 ஜனவரி கடைசியில் ஆரம்பித்தது ஜூலையில் முடிந்தது. இதில் நாற்பது நாள் ஊறவைத்ததை நான் குறையாகச் சொல்லவில்லை, அது தேவை. ஆனால் நடுவில் வேறு ஒரு வீட்டு வேலைக்கு மூன்று வாரம் போய்விட்டார்கள், சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். இரண்டாவது, எழுத்தில் கணக்குக் கிடையாது. வாய்ச்சொல்தான். பணத்தில் ஏமாற்று எதுவும் இல்லை, ஆனால் மொத்தச் செலவு முதலில் சொன்னதைவிட நான்கில் ஒரு பங்கு கூடியது, சிமெண்ட் வேலைக்குக் கேட்டிருந்த தொகையோடு பார்த்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரு நோட்டுப் புத்தகத்தில் நீங்களே வாரா வாரம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாவது, எலக்ட்ரீஷியனோடு இவர்களுக்கு ஒத்துவராது. பூச்சு முடிந்த சுவரில் வயர் போடக் காடி வெட்டியதில் பெரிய சண்டை வந்துவிட்டது. வயர் வேலை, குழாய் வேலை எல்லாவற்றையும் பூச்சுக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

நான்காவது அவர்கள் தவறு, ஒப்புக்கொண்டார்கள். மேற்குச் சுவரின் வெளிப்பூச்சை அக்னி நட்சத்திர வெயிலில் பூசினார்கள். சுண்ணாம்பு காற்றிலிருக்கிற கரியமில வாயுவை மெல்ல எடுத்துக்கொண்டுதான் கல்லாகும், அதற்குக் கொஞ்சம் ஈரமும் நிறைய நாளும் வேண்டும். அன்றைய வெயிலில் ஈரம் சட்டென்று போய்விட்டதால் சுவர் முழுக்க சிலந்தி வலை போல விரிசல் விழுந்தது, உள்ளங்கையால் தேய்த்தால் பொடி வந்தது. நான் பார்ப்பதற்கு முன்னால் மேஸ்திரியே பார்த்துவிட்டார். ஒரு பேச்சும் பேசாமல் முழுச் சுவரையும் உரித்தார்கள், மறுபடி விடியற்காலையில் பூசி, கோணிச்சாக்கை நனைத்துத் தொங்கவிட்டுப் பத்து நாள் ஈரம் காத்தார்கள். ஒரு ரூபாய் கூடக் கேட்கவில்லை. தவறே செய்யாத ஆளைவிட இப்படிப்பட்ட ஆளைத்தான் நான் நம்புவேன்.

இனி எல்லாரும் கேட்கிற வெக்கைக் கணக்கு. ஒரு சாதாரண வெப்பமானி வாங்கி 2025 மே மாதத்தில் நானே குறித்து வைத்தேன். வெளியே 38 டிகிரி இருந்த ஒரு மதியம் இரண்டரை மணிக்கு எங்கள் மாடி அறையில் 33. அதே வெப்பமானியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கான்கிரீட் மாடி அறைக்குப் போனேன், 36 காட்டியது. பகலைவிட இரவில்தான் வித்தியாசம் உடம்புக்குத் தெரிகிறது. பத்து மணிக்கு எங்களுக்கு 31, அவர்களுக்கு 34. கான்கிரீட் பகலெல்லாம் வாங்கிய சூட்டை நாம் படுக்கிற நேரத்தில் கீழே இறக்கும். எங்கள் தளம் கனமாகவும் மேலே வெள்ளையாகவும் இருப்பதால் வாங்குவதே குறைவு. ஆனால் அற்புதம் என்று நினைத்துவிடாதீர்கள், காற்றே இல்லாத இரவில் இங்கேயும் வேர்க்கும், கடற்கரை ஊரில் புழுக்கத்தைச் சுண்ணாம்பால் விரட்ட முடியாது. முற்றத்துக் கதவும் மாடி ஜன்னலும் திறந்திருந்தால்தான் சூடான காற்று மேலே ஏறிப் போகும், கொசுவலை அடித்துவிட்டுத் திறந்து வைக்கிறோம்.

கரண்ட் செலவு, சோலாரில் வந்தது இருந்தால் அதையும் சேர்த்து, 2023 மே மாதம் 620 யூனிட், 2025 மே மாதம் 340. இந்த 280 யூனிட்டும் சுண்ணாம்பால் வந்தது என்று சொன்னால் அது பொய். அதே நேரத்தில் வீட்டு ஃபேன் ஆறையும் மாற்றினோம், 75 வாட் இழுத்த பழசை எடுத்துவிட்டு 30 வாட் இழுக்கிற பிஎல்டிசி ஃபேன் போட்டோம். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் ஆறு ஃபேனுக்கும் சேர்த்து 30 நாளில் 97 யூனிட் மிச்சமாகும், கணக்குப் போட்டுப் பாருங்கள். மீதி 180 சொச்சம் ஏசியில் மிச்சமானது. மாடி ஏசியைக் கழற்றி விற்றுவிட்டோம். அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது, அவர் அறையில் ஒன்று இருக்கிறது, மதியம் இரண்டு மணி நேரம் 26ல் வைத்தால் போதும் என்கிறார், முன்பு ராத்திரி முழுக்க ஓடியது. செலவழித்த பணத்தைக் கரண்ட் பில்லில் திரும்ப எடுக்க வேண்டும் என்று மட்டும் பார்த்தால் ரொம்ப வருஷம் ஆகும். இரண்டு உத்திரம் உளுத்த வீட்டை மீட்டதையும் கணக்கில் சேர்த்துத்தான் நான் பார்க்கிறேன். இன்னொன்றும் உண்டு, இடித்துக் கட்டியிருந்தால் எத்தனை லாரி சிமெண்ட், எத்தனை டன் கம்பி! சிமெண்ட் சூளைக்கு 1450 டிகிரி வரை சூடு வேண்டும், சுண்ணாம்புக்கு 900 போதும். இங்கே சுவர் முழுக்க ஏற்கெனவே நிற்கிறது, அதைச் சுட்ட விறகு நூறு வருஷத்துக்கு முன்னால் எரிந்து முடிந்தது.

சோலார் போட நினைக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பேனல் போட வந்த பையன்கள் தளத்தைத் துளைத்து போல்ட் அடிக்கத் துளைக் கருவியோடு ஏறிவிட்டார்கள். மேஸ்திரி கூரைக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை. மெட்ராஸ் டெரஸைத் துளைத்தால் தண்ணீர் நேராக உத்திரத்துக்கு இறங்கும், துளைக்காமல் கான்கிரீட் கட்டி வைத்தால் அந்தப் பாரத்தை உத்திரம் தாங்க வேண்டும். கடைசியில் கொல்லையில் பிற்காலத்தில் கட்டிய கான்கிரீட் குளியலறைகள் மேல் 2 கிலோவாட் போட்டோம். மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் அதற்கு 60,000 ரூபாய் மானியம் உண்டு. தெருவிலிருந்து பார்த்தால் பேனல் கண்ணுக்கே தெரியாது, வீட்டு முகமும் கெடவில்லை.

புயல் சோதனை மிச்சமிருக்கிறது. 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல். ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, பாண்டிக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், கரண்ட் இல்லை. அப்பாவும் நானும் டார்ச் வைத்துக்கொண்டு ராத்திரி மூன்று தடவை மாடி அறைக்குப் போய் விட்டத்தைப் பார்த்தோம். பதினொரு உத்திரமும் காய்ந்த மரம். தண்ணீர் வெளியேறுகிற தூம்பு வாயில் மட்டும், பிளாஸ்டிக் குழாயும் சுண்ணாம்பும் சேருகிற இடத்தில், ஒரு தட்டு அளவுக்கு ஈரம் இறங்கியிருந்தது. தண்ணீர் வடிந்த மறுவாரம் மேஸ்திரி கூப்பிடாமலே வந்தார், தான் வேலை செய்த ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். பிளாஸ்டிக் குழாயை எடுத்துவிட்டு, பழைய மாதிரி சுட்ட மண் தூம்பு வைத்துவிட்டுப் போனார்.

பராமரிப்பு என்று பார்த்தால் மொட்டை மாடிக்கும் வெளிச்சுவருக்கும் வருஷத்துக்கு ஒருமுறை வெள்ளையடிப்பதுதான். இந்த வருஷம் அதைச் செய்தது எங்கள் தெருப் பையன்கள் இரண்டு பேர், தொட்டி கொதித்த அன்று ஆறடி தள்ளி நின்று பார்த்தவர்கள்தான். ஐடிஐ முடித்துவிட்டு இப்போது மேஸ்திரியிடமே வேலை பழகுகிறார்கள்.

கூப்பிடுகிறவர்கள் தை மாதத்துக்குள் பேசிவிடுங்கள். சுண்ணாம்பு ஊற நாற்பது நாள், வெளிப்பூச்சைச் சித்திரை வெயிலுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும், தளத்தை ஐப்பசி மழைக்கு முன்னால். இப்போதைக்கு அவர்கள் எதிர்வீட்டுப் பெரியம்மா வீட்டுத் தாழ்வாரத்தில் இருக்கிறார்கள், இன்னும் இரண்டு தூண் பாக்கி. நேரில் பார்க்க வேண்டும் என்றால் காலை எட்டு மணிக்கு வாருங்கள், அந்நேரம் சாந்து அரைத்துக்கொண்டிருப்பார்கள்.